மருந்து போட்ட கை

செவ்வாய்க்கிழமை காலையில் அமலதாஸ் பந்தலுக்குள் நுழைந்தபோது பதினான்கு கொத்துகள் நீலமாகியிருந்தன.

முதலில் அதை வெளிச்சத்தின் வேலை என்று நினைத்தார். இலைகளுக்கு நடுவே புகுந்து வரும் இளவெயில் எதையும் சற்று வேறு நிறமாகக் காட்டும். தலைத்துண்டால் கண்ணைத் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார். நீலம்தான். சுற்றிலும் நூற்றுக்கணக்கான கொத்துகள் செக்கச்செவேல் என்று தொங்க, அவற்றுக்கு நடுவில் மயில் கழுத்து நிறத்தில் ஒன்று இங்கே, நாலு முழம் தள்ளி ஒன்று அங்கே.

கம்பம் பள்ளத்தாக்கில் பன்னிரண்டு வருடங்களாகச் சாட்சிக்கொடியைத் தவிர வேறு திராட்சை நட அனுமதி இல்லை. பூச்சிமருந்து பட்டால் அந்தக் கொடியின் பழம் ஒரே நாளில் நீலமாகிவிடும். நீலமானதைக் கண்டவர் அன்றைக்கே அரசாங்கத்துக்குச் சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் பறித்துப் புதைத்தவர்களும் உண்டு. அமலதாசுக்கு அந்த எண்ணமே வரவில்லை. அவருடைய முதல் பிள்ளை, பழைய கொடிகளின் காலத்தில், பிறந்து ஒன்பதாம் நாள் இறந்தது. முதுகில் மருந்துத் தொட்டியைச் சுமந்து திரிந்த தன் உடம்பிலிருந்துதான் அந்த விஷம் போனது என்று அவர் நம்பினார். மருத்துவர் அப்படித்தான் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

வீட்டு வாசலில் நின்றபடியே அவர் தொலைபேசியில் தகவல் சொன்னார். பிறகு உள்ளே பார்த்து, "ரெஜினா, பழம் நீலமாயிருக்கு" என்றார்.

அவர் மனைவி அடுப்படியிலிருந்து வெளியே வந்தாள். "எத்தனை?"

"பதினாலு."

"நம்ம பந்தல்லயா?"

"பின்ன யாரு பந்தலுக்கு நான் போவேன்?"

ரெஜினா கழுத்துச் சிலுவையை விரல்களால் பற்றிக்கொண்டு நின்றாள்.

நண்பகலில் உணவுப் பாதுகாப்பு அதிகாரி வந்தாள். ஆதிரை என்று பெயர். முப்பது வயதுதான் இருக்கும். மாவட்டத்துக்கு மாற்றலாகி வந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. ஊர் மன்னார்குடிப் பக்கம். செருப்பை வரப்பிலேயே கழற்றிவிட்டு உள்ளே வந்தாள். அது அமலதாசுக்குப் பிடித்திருந்தது.

நீலக் கொத்துகளை எண்ணி எழுதிக்கொண்டபின், அவற்றைச் சுற்றியிருந்த சிவந்த கொத்துகளை ஒவ்வொன்றாக ஏந்தி, அடிப்பக்கம் திருப்பிப் பார்த்து, அதையும் குறித்துக்கொண்டாள்.

"கையுறை போட்டுக்கலையா மேடம்?" என்று அமலதாஸ் கேட்டார்.

"போட்டுக்கலாம். ஆனா பழத்து மேல இயற்கையாவே படிஞ்சிருக்கிற சாம்பல் பூச்சை அது வழிச்சு எடுத்துடுது. அப்புறம் வியாபாரி வாங்க மாட்டேங்கறான்னு ஒரு தோட்டத்துல வருத்தப்பட்டாங்க. கை சுத்தமா இருந்தா போதும்னு சட்டத்துலயே இருக்கு. சோப்புப் போட்டுக் கழுவிட்டுத்தான் வந்தேன்."

"நல்லது தாயி."

"இது விசிறி அடிச்ச மாதிரி தெரியலையே ஐயா" என்றாள் ஆதிரை குழப்பமாக. "அடிச்சிருந்தா வரிசையா நீலமாகும். இங்க ஒண்ணு, அங்க ஒண்ணா இருக்கு. யாரோ தொட்ட மாதிரி இருக்கு. சரி, நாளைக்கு வந்து மறுபடி எண்ணுவேன். கை பட்டு ஆனதுன்னா இந்தப் பதினாலோட நின்னுடும். அடிச்ச மருந்துன்னா இலை வழியா இறங்கி நாளைக்கு இன்னும் கூடும்."

"கூடுனா?"

அவள் குறிப்பேட்டை மூடிக் கைப்பைக்குள் வைத்தாள். "கூடாதுன்னு நினைப்போம்" என்றாள்.

மறுநாள் முப்பத்தொன்று இருந்தது.

அமலதாஸ் இரண்டு முறை எண்ணினார். ஆதிரை ஒரு முறை எண்ணினாள். பிறகு இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் வீட்டுக்கு நடந்தார்கள். கூடினால் என்ன ஆகும் என்று அமலதாஸ் மறுபடி கேட்கவில்லை. கேட்கத் தேவையில்லை. பழம் முழுவதையும் அரசாங்கம் பறிமுதல் செய்யும். கொடிகளை வேரோடு வெட்டிப் போடும். ஏழு வருடம் அந்த நிலத்தில் எதுவும் நட முடியாது. போன மாதம் பக்கத்து ஊர் வேல்ச்சாமியின் பந்தலுக்கு அதுதான் நடந்தது. வேல்ச்சாமி டீக்கடைக்கு வந்தபோது பெஞ்சில் இருந்தவர்கள் எழுந்து போனார்கள். அமலதாசும் எழுந்து போனார்.

கூடத்தில் நாற்காலி போட்டு, ஆதிரை ஒரு சிறிய கறுப்புப் பெட்டியை மேஜைமேல் வைத்தாள். "இது வாக்குமூலம் பதியற பெட்டி. பேசினது அப்படியே தலைமை அலுவலகத்துக்குப் போயிடும். அழிக்க முடியாது. ஒவ்வொருத்தரையும் ஒரே கேள்விதான் கேட்பேன். யோசிச்சுச் சொல்லுங்க."

அமலதாஸ், "நான் மருந்தத் தொட்டுப் பதினாறு வருசமாச்சு. செத்துப்போன எம்புள்ள மேல சத்தியம்" என்றார்.

ஆதிரை ரெஜினாவின் பக்கம் திரும்பினாள். "அக்கா, மருந்து போட்டது யாரு?"

ரெஜினா கதவுக்கு வெளியே, பந்தல் இருக்கும் திசையில் ஒரு தரம் பார்த்தாள்.

"நான்தாங்க போட்டேன்" என்றாள். "வேற யாரையும் கேக்காதீங்க."

பெட்டியில் ஒரு சிறு விளக்கு பச்சையாக எரிந்து அணைந்தது.

அமலதாசுக்குத் தன் காதில் விழுந்தது புரியவில்லை. ஆதிரைக்கும் புரியவில்லை என்று அவள் முகத்தில் தெரிந்தது. "அக்கா, பதிவாயிடுச்சு" என்றாள் மெதுவாக. "எப்பப் போட்டீங்க? எதுக்காகப் போட்டீங்க?"

ரெஜினா தலையைக் குனிந்துகொண்டாள். எவ்வளவு கேட்டும் வாய் திறக்கவில்லை. ஆதிரை வேறு வழியில்லாமல் பெட்டியை மூடினாள். "வெட்டுற ஆளுங்க நாளை மறுநாள் காலையில வருவாங்க. நான் மத்த வேலைகளைப் பார்த்துட்டு மூணு மணிக்கு மறுபடி வர்றேன். அதுக்குள்ள ஏதாவது சொல்லணும்னு தோணுச்சுன்னா சொல்லுங்க. அழிக்க முடியாது. ஆனா கூடச் சேர்க்கலாம்."

அவள் போனபின் அமலதாஸ் கோபப்பட நினைத்தார். கோபம் வரவில்லை. முப்பது வருடம் கூட வாழ்ந்த பெண், ஒரு புழுவைக் கூட இலையோடு கிள்ளி வேலிக்கு அந்தப் பக்கம் விடுகிறவள், தன் கையால் விஷம் வைத்தேன் என்கிறாள்.

"என்ன மருந்து? எங்க வாங்குன?"

"டவுன்ல."

"எந்தக் கடைல?"

"மருந்துக் கடைலதான்."

"மருந்துக் கடைல பூச்சிமருந்து எவன் விக்கிறான்?"

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. கேக்காதீங்க. நான் ஒருத்திக்கு வாக்குக் குடுத்திருக்கேன்."

"பந்தல வெட்டப் போறாங்க ரெஜினா."

"எதுக்குப் பந்தல வெட்டுறாங்க?" என்று அவள் நிஜமான ஆச்சரியத்துடன் கேட்டாள். "நான் மருந்து போட்டதுக்கும் பந்தலுக்கும் என்ன சம்பந்தம்?"

அமலதாஸ் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். இருவரும் ஒரே வார்த்தையைப் பிடித்துக்கொண்டு வெவ்வேறு திசையில் நடக்கிறார்கள் என்று மட்டும் மங்கலாகத் தெரிந்தது.

அந்த நேரத்தில் கொல்லைப் பக்கமிருந்து காளீஸ்வரி வந்தாள். கொத்துகளில் கெட்டுப்போன பழங்களைக் கழிக்கும் வேலைக்கு மலையடிவாரத்திலிருந்து வண்டியில் வரும் பெண்களில் ஒருத்தி. இடுப்பில் நாலு வயது மகளைச் சுமந்திருந்தாள்.

"அண்ணே, அக்காவ ஒண்ணும் சொல்லாதீங்க" என்றாள். "எல்லாத்தையும் சன்னலோரமா நின்னு கேட்டேன். அக்கா மருந்து போட்டது எம்புள்ளைக்கு."

"காளீஸ்வரி, நீ பேசாம இரு" என்றாள் ரெஜினா.

"என்னக்கா பேசாம இரு? பந்தல் போகப் போகுதுங்கிறாங்க, நான் வாயப் பொத்திக்கிட்டு நிக்கவா?" அவள் அமலதாசிடம் திரும்பினாள். "புள்ளைக்கு ஒடம்பெல்லாம் சொறி சிரங்குண்ணே. வெளிய தெரிஞ்சா எங்களை வண்டியில ஏத்த மாட்டாங்க. போன மாசம் இப்படித்தான் ஒருத்திய நடுரோட்டுல எறக்கி விட்டாங்க. நான் வேலைக்கு எறங்குனதும் அக்காதான் புள்ளைய இங்க வச்சு, குளிப்பாட்டி, மருந்து பூசி விடும். எங்கிட்ட ஒரு பைசா வாங்கல. யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்னு வேற சொல்லுச்சு. அதான் வாயத் தொறக்க மாட்டேங்குது."

அமலதாஸ் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். பிள்ளை அவரைப் பார்த்துவிட்டு அம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டது. அதன் மணிக்கட்டில் வெள்ளையாக ஏதோ பூசியிருந்தது.

"அந்தம்மா என்னன்னு கேட்டுச்சு?" என்றார் அவர் மனைவியிடம்.

"மருந்து போட்டது யாருன்னு."

"அடிச்சது யாருன்னு கேக்கலயா?"

"அடிச்சதுன்னு கேட்டிருந்தா நாங்க அடிக்கலன்னு சொல்லியிருப்பேனே" என்றாள் ரெஜினா. "போட்டதுன்னுதான கேட்டுச்சு. இவ விசயம் தெரிஞ்சுபோச்சு போலன்னு நானே ஒத்துக்கிட்டேன்."

மூன்று மணிக்கு ஆதிரை வந்ததும் அமலதாஸ் எல்லாவற்றையும் சொன்னார். அவள் நெற்றியில் கைவைத்துக்கொண்டாள். "எங்க பக்கம் அடிச்சாலும் குருணையாத் தூவினாலும் மருந்து போடறதுன்னுதான் சொல்லுவோம். உங்க ஊருல போடறதுன்னா வேறன்னு எனக்குத் தெரியலையே ஐயா."

"எங்களுக்குப் போடுறதுன்னா புண்ணுக்குப் போடுறது" என்றார் அமலதாஸ்.

ஆதிரை அந்த மருந்துக் குழாயைக் கேட்டு வாங்கி, அதில் எழுதியிருந்ததைப் படித்தாள். நீண்ட நேரம் படித்தாள்.

"என்ன மேடம்?"

"இதுல இருக்கறதும் பூச்சிமருந்துதான் ஐயா. சிரங்கை உண்டாக்கறதும் ஒரு பூச்சிதானே, கண்ணுக்குத் தெரியாத பூச்சி. அதைக் கொல்றதுக்கு அதே சரக்குதான், கொஞ்சமாச் சேர்த்திருப்பாங்க. பிள்ளைக்கு இது கெடுதல் பண்ணாது. ஆனா கொடிக்கு அந்த வித்தியாசம் தெரியாது. எண்ணெய்ப் பசை வேற. தண்ணியில கழுவினா லேசுல போகாது."

"அப்ப எங்கையிதான்" என்றாள் காளீஸ்வரி. "புள்ளையத் தூக்கிட்டுத் தூக்கிட்டுப் போயித்தான பழத்தத் தொட்டேன். எம்மேல எழுதுங்க மேடம். அக்கா பேரு வேணாம்."

"கை பட்டுதுன்னு ஆனா என்ன தண்டனை?" என்று அமலதாஸ் கேட்டார்.

"நீலமான கொத்துகளை மட்டும் பறிமுதல் பண்ணுவோம். பந்தலுக்கு ஒண்ணும் ஆகாது. அந்தக் கைக்குச் சொந்தக்காரங்க ஒரு பருவம் எந்தத் தோட்டத்துலயும் பழத்தைத் தொடக் கூடாது. பேரை ஊர்ப் பலகையில ஒட்டுவாங்க."

ஒரு பருவம் வேலை இல்லையென்றால் காளீஸ்வரியின் வீட்டில் என்ன ஆகும் என்று எல்லோருக்கும் தெரியும்.

"நாந்தான் போட்டேன்னு ஏற்கெனவே பதிஞ்சாச்சு. திங்கக்கிழமை நானும் பந்தலுக்குள்ள போயிப் பழம் கழிச்சேன். எம்பேரையே எழுதுங்க" என்றாள் ரெஜினா.

"எனக்கு யார் பேர் வேணும்னு இல்லக்கா, எது நிஜம்னுதான் வேணும். இன்னொரு குழப்பமும் இருக்கு. கை பட்டு ஆனதுன்னா முதல் நாளோட நிக்கணும். நேத்து இவங்க யாரும் பந்தலுக்குள்ள போகல. அப்புறம் எப்படிப் பதினேழு கூடுச்சு? அது எனக்கு விளங்கல." ஆதிரை எழுந்தாள். "ஒரு சோதனை பண்ணிப் பார்ப்போம். கடைசி வரிசையில மூணு கொத்து. ஒண்ணை அக்கா தொடட்டும், ஒண்ணைக் காளீஸ்வரி தொடட்டும். ஒப்பிட்டுப் பார்க்க மருந்தே படாத கை ஒண்ணு வேணும். அதுக்கு நான் தொடறேன்."

நால்வரும் பந்தலின் கோடிக்குப் போனார்கள். ரெஜினா கண்ணை மூடிக்கொண்டு, மாதா கோயிலில் அப்பம் வாங்குவது போல இரண்டு கைகளாலும் கொத்தை ஏந்தினாள். காளீஸ்வரி பயந்து பயந்து தொட்டாள். ஆதிரை தன் கொத்தைச் சற்று நேரம் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டு விட்டாள். அமலதாஸ் அவற்றைச் சுற்றி முள் வெட்டிப் போட்டு அடைத்தார்.

அன்று மாலை அவர் கோயிலுக்குப் போய் மண்டியிட்டார். என்ன கேட்பது என்று தெரியவில்லை. காளீஸ்வரியின் கை என்று ஆகட்டும் என்று கேட்க முடியாது. ரெஜினாவின் கை என்று ஆகட்டும் என்றும் கேட்க மனம் வரவில்லை. பந்தல் பிழைக்கட்டும் என்று கேட்கலாம். ஆனால் பந்தல் பிழைக்க யாராவது ஒருத்தியின் கை நீலமாக வேண்டும். பிள்ளைக்கு மருந்து பூசியது தவறா என்றும் அவரால் கேட்க முடியவில்லை. கடைசியில், எது உண்மையோ அதைத் தாங்கிக்கொள்ளப் பலம் கொடு என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்தார்.

காலையில் நால்வரும் பந்தலின் கோடிக்குப் போனார்கள்.

காளீஸ்வரி தொட்ட கொத்து சிவப்பாகவே இருந்தது. அவள் அதை நம்பாமல் குனிந்து குனிந்து பார்த்தாள். ரெஜினா தொட்டது நீலம். மருந்து பூசியவள் அவள்தானே, தாய் வருவதற்குள் பிள்ளையின் உடம்பில் அது ஊறிக் காய்ந்திருக்கும் என்று அமலதாஸ் மெல்ல யோசித்துப் புரிந்துகொண்டார். ரெஜினா நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டாள். அவள் முகத்தில் நிம்மதிதான் இருந்தது.

மூன்றாவது கொத்தை அதற்குப் பிறகுதான் எல்லோரும் பார்த்தார்கள்.

அது மற்ற இரண்டையும் விட நீலமாக இருந்தது.

"இது யாரு தொட்டது?" என்று காளீஸ்வரி கேட்டாள்.

ஆதிரை தன் வலது கையைத் திருப்பிப் பார்த்தாள். பிறகு இடது கையை. "நான் எந்த மருந்தையும் தொடறதில்லையே" என்றாள். "வீட்டுல கொசுவத்தி கூட ஏத்தறதில்ல. வேற எதுவும்..." அப்படியே நிறுத்தினாள்.

"என்ன தாயி?"

"பேன் மருந்து" என்றாள். "என் பொண்ணுக்கு. பள்ளிக்கூடம் திறந்ததுலேருந்து தலை பூரா பேன். மருந்து தேய்ச்சு, தினம் காலையில நான்தான் வாரி விடறேன். அதுவும் பூச்சிமருந்துதானே. எனக்கு எப்படித் தோணாமப் போச்சு?"

அவள் வரப்பின் மேல் உட்கார்ந்துவிட்டாள். கைப்பையிலிருந்து குறிப்பேட்டை எடுத்து முதல் நாள் பக்கத்தைப் புரட்டினாள். உதடுகள் அசைந்தன. எண்ணுகிறாள் என்று அமலதாசுக்குத் தெரிந்தது.

"முதல் நாள் நான் பதினேழு கொத்தைத் தூக்கிப் பார்த்திருக்கேன்" என்றாள். "கூடினதும் பதினேழுதான்."

"அப்ப எங்க பந்தல வெட்ட மாட்டாங்கல்ல?" என்று கேட்டார் அமலதாஸ். கேட்டதும் தன் குரல் தனக்கே அசிங்கமாக இருந்தது.

"மாட்டாங்க ஐயா. இப்பவே எழுதறேன். அக்காவுக்கு ஒரு பருவம் தடை வரும். அதை என்னால மாத்த முடியாது." அவள் குறிப்பேட்டைப் பின்னோக்கிப் புரட்டிக்கொண்டே இருந்தாள். "இதுக்கு முன்னாடி மூணு தோட்டம். மூணுலயும் இப்படித்தான் கையுறையைக் கழட்டிட்டுத் தொட்டேன், பழம் கெட்டுடக் கூடாதேன்னு. மூணுலயும் மறுநாள் கூடுச்சு. மூணு பேரும் அடிக்கலைன்னுதான் சொன்னாங்க. அவங்க நிஜமாவே அடிச்சாங்களா இல்லையான்னு இப்ப எனக்குத் தெரியல. கொடியெல்லாம் வெட்டி எரிச்சாச்சு. இனிமே யாருக்குமே தெரியாது."

அந்த மூன்றில் ஒன்று வேல்ச்சாமியின் பந்தல். அமலதாஸ் வேல்ச்சாமியை நினைத்தார். டீக்கடையில் பாதி குடித்த கிளாசோடு தனியாக உட்கார்ந்திருந்த வேல்ச்சாமியை. இன்றைக்கே அவர் வீட்டுக்குப் போக வேண்டும். போய் என்ன சொல்வது என்று தெரியவில்லை.

ஆதிரை கறுப்புப் பெட்டியை எடுத்து மடியில் வைத்தாள். "இதை அமுக்கினா அழிக்க முடியாது" என்றாள், தனக்குத்தானே சொல்லிக்கொள்வது போல. "என் வேலை போயிடும். அது பரவாயில்ல. அந்த மூணு பேர்..." அவள் விரல் பெட்டியின் மேல் சற்று நேரம் நின்றது. பிறகு அமுக்கினாள். விளக்கு பச்சையாக எரிந்தது. தன் பெயரையும் பதவியையும் சொல்லி, மூன்று தோட்டங்களின் பெயர்களையும் ஒவ்வொன்றாகச் சொன்னாள். எதையும் விடாமல் சொன்னாள். விளக்கு அணைந்தது.

காளீஸ்வரி எதற்கோ அழுதுகொண்டிருந்தாள். அவள் தப்பித்துவிட்டாள் என்பது அவளுக்கு இன்னும் எட்டவில்லை போலிருந்தது.

ரெஜினா வரப்பில் ஆதிரையின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். மடியில் அசையாமல் கிடந்த அவள் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள்.

"புள்ளைக்குப் பேன் போயிருச்சா தாயி?"

ஆதிரை இல்லை என்று தலையசைத்தாள்.

"ஞாயித்துக்கிழமை கூட்டிட்டு வா" என்றாள் ரெஜினா. "மருந்து வேண்டாம். சீப்பு வச்சு நிதானமா எடுத்து விடுறேன். எனக்குத்தான் இனி ஒரு பருவம் வேலை இல்லையே."